மூன்று மாதம் முடியட்டும்

எங்கள் சித்தூரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது முதல் மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள்ளேயே புழங்க வேண்டிய சேதி. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் நாலு பேருக்குச் சொல்லிக்கலாம்" என்பாள் என் ஆயா. ஆனாலும் தெரு எப்படியோ கண்டுபிடித்துவிடும். கடுகு பொரிகிற வாசனைக்கு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினால், மாசி பிறக்கும் முன்பே பிஞ்சுக் கிளிமூக்கு மாங்காய் எங்கே கிடைக்கும் என்று அவள் புருஷன் தோப்புக்காரர்களை விசாரித்துத் திரிந்தால், அடுப்புச் சாம்பலைத் தொட்டு அவள் நாக்கில் வைத்துக்கொள்வதை எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டால், அன்று சாயங்காலமே சேதி கிணற்றடிக்கு வந்து சேரும். என் சின்னம்மா என் பள்ளிக்கூடப் பையைத் துழாவிப் பலப்பத்தை எடுத்துக் கடித்துத் தின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பத்து. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒரு பெரிய மனுஷியின் ரகசியம் என் கையில் இருக்கிறது என்ற பெருமையில், பலப்பம் எங்கேடா என்று வாத்தியார் காதைத் திருகிய நாளிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழிந்துவிட்டால் அப்புறம் எல்லாம் ஊகம்தான், அந்த ஊகத்தில் ஊருக்கே பங்கு உண்டு. வயிறு கூம்பியிருந்தால் ஒன்று, பரந்திருந்தால் ஒன்று. முகம் மினுங்கினால் ஒன்று, வாடினால் ஒன்று. வாசற்படி தாண்டும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள், புளிப்பு கேட்கிறாளா இனிப்பு கேட்கிறாளா என்று தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கணக்குச் சொல்வாள், தமிழில் எங்கள் ஆயா வேறொரு கணக்குச் சொல்வாள், பேச்சு இரண்டு மொழியிலும் மாறி மாறிப் போய் அடுப்பில் பால் பொங்கியதும் முடியும். பேறுகாலத் தேதியையும் அப்படித்தான் கணித்தார்கள்: எந்த அமாவாசைக்கு அப்புறம் தலை முழுகவில்லை என்று விரல் மடக்கி எண்ணி, முன்னே பின்னே பத்து நாள் விட்டுக்கொடுத்து. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும், வளையல்காரர் வந்து உட்கார்ந்த அன்று அது இன்னும் உரக்க நடந்திருக்கும். பையன் வேண்டும் என்ற ஆசை அதற்குள் ஒளிந்திருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. என்றாலும் அந்த ஊகம் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை, தப்பாகப் போனாலும் யாரும் கணக்குக் கேட்கவில்லை, சொன்னவளும் கேட்டவளும் தொட்டிலைக் கண்டதும் மறந்துபோனார்கள். அந்தச் சந்தோஷம் இப்போது எங்கே இருக்கிறது என்று நான் சில சமயம் தேடுகிறேன்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அன்று சூரிய கிரகணம். ஹூப்ளி, ராய்ச்சூர், நல்கொண்டா வழியாக முழு நிழல் போன நாள் அது. எங்கள் ஊரில் சூரியன் முழுவதும் மறையவில்லை, பெரும்பகுதி மறைந்தது. சின்னம்மாவை உள் அறையில் படுக்க வைத்து, ஜன்னலை அடைத்து, இடுக்கெல்லாம் கோணி செருகி, அசையாமல் இரு, நகத்தைக் கூடக் கிள்ளாதே, கத்தியைக் கண்ணாலும் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அறைக் கதவுக்கு வெளியே காவல் நான். உள்ளேயிருந்து அவள் "இருட்டா இருக்குடா, எதையாவது பேசு" என்றாள். நான் வாய்ப்பாடு சொன்னேன், தெரிந்த சினிமாக் கதையெல்லாம் சொன்னேன், வெளிச்சம் மங்கி மாட்டுக் கொட்டகையில் மாடுகள் மிரண்டு கத்தியபோதும் எழுந்து போய்ப் பார்க்காமல் அந்தக் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அக்கறையாக நான் அதற்கு முன் எதையும் காத்ததில்லை.

ஆவணியில் குழந்தை பிறந்தான். பால் குடிக்கத் திணறினான், கையும் காலும் துவண்டு கிடந்தன, கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. எங்களுக்குச் சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், வேலூர் அதில் பாதி. பெயர் வாய்க்கு வராத நோய் என்றால் கிறிஸ்டியான்பேட்டைச் சாவடியைத் தாண்டி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழக்கம். அங்கே டாக்டர் குழந்தையின் உள்ளங்கையை விரித்து அதன் குறுக்கே ஓடுகிற ஒற்றை ரேகையைக் காட்டினார், கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினார், டவுன் சிண்ட்ரோம் என்றார், நடக்கவும் பேசவும் நேரமாகும், ஆனால் நடப்பான், பேசுவான் என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுத் திரும்பி வந்த வீட்டில் ஒரே கேள்விதான் இருந்தது: யார் ஜன்னலைத் திறந்தது?

என்னையும் கேட்டார்கள். நான் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கதவிடுக்கில் ஏதாவது ஒரு கீற்று நுழைந்திருக்குமோ என்று பத்து வயதில் நான் ராத்திரி விழித்துக் கிடந்திருக்கிறேன். சின்னம்மாவைக் கேட்டது போல என்னைக் கேட்கவில்லை. அவளிடம் வெள்ளரிக்காய் நறுக்கினாயா, நிலாவைப் பார்த்தாயா, கிணற்றடியில் பயந்தாயா என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள். சொந்தத் தாய்மாமனையே அவளுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது சர்வசாதாரணம், தெலுங்குக்காரர்கள் மேனரிகம் என்பார்கள். படித்தவர்கள் வந்தால் "சொந்தத்துல கட்டுனதாலதான்" என்று அந்தப் பழியையும் போட்டுவிட்டுப் போனார்கள். அவளுடைய தங்கைகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, பதில் எழுதுகிறோம் என்று எழுந்தார்கள்.

இதில் எது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை என்றால், காரணம் அப்போதே தெரிந்திருந்தது. 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் டுர்பான் ஆகியோர் இந்தக் குழந்தைகளின் உயிரணுக்களில் 46க்குப் பதில் 47 குரோமோசோம் இருப்பதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிடுகிறது, அவ்வளவுதான். நாங்கள் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த விடைக்கு 21 வயது. பாரிஸிலிருந்து எங்கள் தெருவுக்கு அதைக் கொண்டு வந்து, பாயில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஓர் ஆள் இல்லை.

சின்னம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காணிப்பாக்கம் போனாள். பார்வையில்லாத ஒருவன், செவி கேளாத ஒருவன், பேச்சில்லாத ஒருவன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் கிணறு தோண்டும்போது கல்லில் கடப்பாரை பட்டு ரத்தம் பீறிட்டதும், அவர்கள் மூவரின் குறையும் நீங்கியதும், அந்தக் கல்லே பிள்ளையாராக எழுந்ததும்தான் அந்தக் கோயிலின் கதை. அந்தக் கதையில் அவள் பிடித்துக்கொண்டது குறை நீங்கியதை அல்ல என்று எனக்குப் பின்னால் தோன்றியது. அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் ஒரே கிணற்றில் வேலை செய்தார்களே, அதை. திருமலைக்குப் போய் முடி இறக்கினாள். அவன் மூன்று வயதில் நடந்தான். அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

என் தம்பி எப்படி வளர்ந்தான் என்று சொல்ல எனக்கு ஆசை, சொல்லி மாளாது. ஆனி ஆடியில் மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் ஒரு பர்லாங்குக்கு வரிசை நிற்கும். அவன் அந்த வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு டிரைவரிடமும் பெயர் கேட்பான். அடுத்த வருஷம் அதே டிரைவர் வந்தால், புழுதி படிந்த அந்த முகத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், உன் பெண்ணுக்குக் காய்ச்சல் சரியாயிற்றா என்று கேட்பான். கல்யாண வீட்டில் பந்திக்கு நீர் வைப்பது அவன் வேலை; ஒரு டம்ளர் விடுபடாது. தெருவில் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கேலி செய்த பையனை இழுத்து வந்து கன்னத்தில் வைக்கப் பத்து பேர் இருந்தார்கள்.

இப்போது 1996க்கு வருகிறேன். என் மனைவி முழுகாமல் இருந்த வருஷம் அது. திருப்பதியில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது, ஸ்கேன் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் புதிதாக நுழைந்திருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான், 1994இல் நிறைவேறிய, கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. நாட்டில் பனிக்குட நீர்ப் பரிசோதனை எழுபதுகளில் வந்தபோது குரோமோசோம் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான் வந்தது. அதைப் பெண் சிசுவை அழிக்கப் பயன்படுத்திய பிறகு சட்டம் போட வேண்டியதாயிற்று. ஸ்கேன் அறைச் சுவரில் அந்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தபோது, கூம்பிய வயிறு, பரந்த வயிறு என்ற எங்கள் திண்ணைப் பேச்சு கத்தியாக மாறிய தூரம் எனக்கு விளங்கியது. என் தம்பியைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அது பெரும்பாலும் வம்சத்தில் வருவதில்லை, பயப்படாதீர்கள்" என்றார். அதற்கு மேல் செய்துகொள்ள அன்று எங்களுக்கு எட்டிய தூரத்தில் ஒன்றும் இல்லை. காத்திருந்தோம். காத்திருப்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒரு நெருக்கம் வந்தது. சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து, தெரியாத ஒரு முகத்தைப் பற்றிப் பேசியே பொழுது போகும்.

அந்த முகம் இப்போது திருப்பதியில் குடியிருக்கிறது, அவளும் தாயாகப் போகிறாள். பதினோராவது வாரம் தொடங்கிப் பதினான்காவது தொடங்கும் முன்னே என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கரும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். கருவின் பிடரியில் சேர்ந்திருக்கும் நீரின் தடிமனை மில்லிமீட்டரில் அளப்பது முதலாவது. தாயின் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி., பாப்-ஏ என்ற இரண்டு பொருள்களின் அளவு பார்ப்பது இரண்டாவது. டவுன் குழந்தை என்றால் பீட்டா எச்.சி.ஜி. ஏறியும் பாப்-ஏ இறங்கியும் இருக்கும். ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள்: பிறந்த தேதி, எடை, சர்க்கரை உண்டா, இரட்டைப் பிள்ளையா, ஸ்கேனில் கருவின் நீளம் எவ்வளவு. ஆயாவுக்குத் தன் பிறந்த வருஷமே தெரியாது. கங்கம்மா சாத்தரை முடிந்த எட்டாம் நாள் என்று மட்டும் சொல்வாள். பேரனின் மகள் நாள் தவறாமல் எழுதிக் கொடுத்தாள். வயதையும் எடையையும் அளவுகளையும் சேர்த்துக் கணினி ஒரு விகிதம் சொல்லும்.

அந்த விகிதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அவள் செல்போனுக்கு வந்தது. 540இல் ஒன்று. அதைச் சுற்றி மஞ்சள் கட்டம், அதற்குள் நடுத்தர ஆபத்து என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல். வேறு ஒரு வரி விளக்கம் இல்லை, கூப்பிட்டால் எடுக்க ஆளும் இல்லை. எங்களை அழைத்து "அப்பா, இன்னா அர்த்தம் இது?" என்று அவள் கேட்ட குரலை நான் மறக்க மாட்டேன். 540 பேர் இதே அளவோடு வந்தால் 539 பேருக்கு அந்தக் கோளாறு இருக்காது என்பதுதான் அர்த்தம். 250இல் ஒன்று என்ற எல்லைக்கு அந்தப் பக்கம் போய் அதிக ஆபத்து என்று வருகிறவர்களிலும் பெரும்பாலோருக்குக் குழந்தை சரியாகவே பிறக்கிறது. இது ஆபத்தைச் சலித்துப் பார்க்கிற பரிசோதனை, நோயைச் சொல்கிற பரிசோதனை இல்லை. இந்த மூன்று வாக்கியத்தைப் பகலில், உட்கார வைத்து, அவரவர் பாஷையில் சொல்வதற்கு ஆள் போடாமல், ரத்தம் எடுக்கும் இடங்களை மட்டும் மண்டலத்துக்கு மண்டலம் திறந்துகொண்டு போகிறோமே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அறியாமை இருந்த காலத்தில் பழி சொல்லவாவது பத்து பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள். அறிவு தனியாக வருகிறது, ராத்திரியில் வருகிறது.

அடுத்த கட்டமாக என்.ஐ.பி.டி. செய்துகொள்ளலாம் என்றார்கள், டபுள் மார்க்கரைவிடப் பல மடங்கு பணம். அதைப் பற்றி நான் தேடிப் படித்தேன், படிக்கப் படிக்க மனம் நெகிழ்ந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ 1997இல் ஆக்ஸ்ஃபோர்டு சகாக்களோடு கண்டு சொன்ன விஷயம் இது: கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையினுடைய டி.என்.ஏ.வின் துணுக்குகள் மிதக்கின்றன. ஆண் கருவைச் சுமந்த தாய்மார்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் துணுக்கைப் பார்த்துத்தான் அவர் அதை நிரூபித்தார். 2011வாக்கில் அது பரிசோதனையாக ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்ந்த துணுக்குகளைக் கோடிக்கணக்கில் எண்ணி, 21ஆவது குரோமோசோமுக்கு உரியவை கொஞ்சம் கூடுதலாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். டவுன் கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அது பிடித்துவிடுகிறது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாததால், உண்டு என்று வந்தால் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எந்த ஒய் குரோமோசோமைக் கொண்டு உலகம் இதைக் கண்டுபிடித்ததோ, அதைப் பற்றி மட்டும் நம் நாட்டு ரிப்போர்ட்டில் ஒரு சொல் இருக்கக்கூடாது. இருக்கவும் வேண்டாம்.

பணம் கட்டும் முன்னே யாரிடமாவது பேச வேண்டும் என்றாள் மகள். வேலூருக்கே போனோம், மரபியல் ஆலோசனைக்கு. குடும்ப விவரம் கேட்பார்கள் என்று சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போனது மகளின் யோசனை. ஆலோசகர் ஓர் இளம்பெண், காகிதத்தில் கட்டமும் வட்டமும் போட்டு எங்கள் மூன்று தலைமுறையை வரைந்தாள். பிறகு சின்னம்மா பக்கம் திரும்பி, மெதுவாகத் தமிழில் சொன்னாள்: ஒரு பெண்ணின் சினைமுட்டைகள் எல்லாம் அவள் தன் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன, பாதி வேலையில் நின்று, வருஷக்கணக்காகக் காத்திருந்து, பின்னால் ஒரு மாதம் முதிரும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போனால் இப்படி ஆகிறது, வயது கூடக் கூட அதிகம் நடக்கும், இருபத்து மூன்றிலும் நடக்கும், சாப்பிட்டதாலும் இல்லை, பார்த்ததாலும் இல்லை, தாய்மாமனைக் கட்டியதாலும் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் வேறு, அவை தனி.

"அப்ப கெரகணம்?" என்றாள் சின்னம்மா.

"கிரகணத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன விஷயம் பாட்டி. கரு உண்டான அன்னிக்கே."

சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "கேட்டியாடா, நீயும் தொறக்கல, நானும் தொறக்கல" என்றாள். நாற்பத்தைந்து வருஷம்.

ஆலோசகர் இன்னொன்றும் சொன்னாள்: முதல் மூன்று மாதத்தில் தானாகக் கலைந்துபோகிற கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கணக்குப் பிசகியவை. ஆயாவின் வாய் ஏன் மூன்று மாதம் கட்டப்பட்டிருந்தது என்பது எனக்கு அங்கே புரிந்தது. எத்தனை கர்ப்பம் நிற்காமல் போனதைப் பார்த்துப் பார்த்து அந்த வழக்கம் விளைந்திருக்கும்! என் மகளும் சிநேகிதிகளிடம் இன்னும் சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று வைத்திருந்தாள். பரிசோதனைக்குக் குறித்த வாரமும் ஆயா விதித்த வாரமும் ஒன்றாகத்தான் இருந்தன.

"உண்டுன்னு வந்தா?" என்று மகள் கேட்டாள். அதற்கும் அந்தப் பெண் அவசரப்படாமல் பதில் சொன்னாள். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம் என்ன அனுமதிக்கிறது என்று சொன்னாள், முடிவு உங்களுடையது, எந்த முடிவுக்கும் நாங்கள் கூட இருப்போம் என்றாள். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும்; எங்கள் அடுத்த தெருவில் உதடு நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தை இரண்டு வயது முடியுமுன் போனதை நான் நினைத்துக்கொண்டேன். இன்று அதே குறையை அறுவை செய்து சரிப்படுத்துகிறார்கள். திருப்பதியிலேயே 2021 அக்டோபரில் குழந்தைகளுக்கென்று ஸ்ரீ பத்மாவதி இதய ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. அமெரிக்காவில் 1983இல் டவுன் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருஷம், இப்போது 60ஐத் தொடுகிறது. குரோமோசோம் மாறவில்லை. மருந்தும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருந்த மனிதர்களும் மாறினார்கள். ஆபத்து 540இல் ஒன்று என்று அச்சிடுகிறவர்கள் இதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது என் ஆசை.

மகளின் என்.ஐ.பி.டி. குறைந்த ஆபத்து என்று வந்தது. அடுத்தது கருவின் உறுப்புகளைப் பார்க்கும் டிஃபா ஸ்கேன்.

ஆனால் வேலூரிலிருந்து திரும்பிய காரில் பேச்சு முழுக்க தம்பியைப் பற்றியதாக மாறிவிட்டது. அவனுக்கு நாற்பத்தைந்து ஆகிறது. தைராய்டு மாத்திரை தினம். மாற்றுத்திறனாளி பென்ஷன் 6000 ரூபாய், முதல் தேதி வீட்டு வாசலுக்கே வருகிறது. புது நோட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். போன சீசனில் டிராக்டர் வரிசையில் ஒரு பழைய டிரைவர் முன்னால் நின்று, பெயர் வராமல் விழித்திருக்கிறான். மூளையில் மறதி நோயைக் கொண்டுவரும் புரதத்துக்கான மரபணுவும் அந்த 21ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறது, மூன்று பிரதி இருப்பதால் இவர்களுக்கு அது இளமையிலேயே வரக்கூடும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தாள். "எனக்கப்புறம் யாரு?" என்று சின்னம்மா கேட்டாள். அவளுக்கு அறுபத்தெட்டு, எனக்கு ஐம்பத்தைந்து. நான் இருக்கிறேன் என்று சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிட முடியவில்லை.

1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் பதினெட்டு வயதைத் தாண்டிய பிறகு, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு அவருக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம். போன வாரம் மகள் சித்தூருக்கு வந்து, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, விண்ணப்பத்தை நிரப்பினாள். முதல் பாதுகாவலர் நான், எனக்குப் பின் அவள் என்று இரண்டு பெயர் கொடுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும். உறவுமுறை என்ற இடத்தில் சித்தப்பா என்று எழுதினாள். சின்னம்மாவின் ஆதார் நகலும் தம்பியின் ஊனச் சான்றிதழும் இன்னும் சேர்க்க வேண்டும். சான்றிதழ் பழையது, புதிதாக எடுக்கத் திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.